எண்ணும் ஆட்டமும்: கூடைப்பந்தில் புள்ளியியல் மதிப்பீடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியை ஒருத்தி கூடைப்பந்தைப் பற்றிப் பேச வருவது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இலக்கியத்திற்கு வெளியே உள்ள ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அங்கு மதிப்பீடு எவ்வாறு நிகழ்கிறது என்று ஆராய்ந்து சொல்லும்படி செயலாளர் என்னைப் பணித்தார். கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணிக்குச் சில ஆண்டுகள் பொறுப்பாசிரியராக இருந்தவள் என்ற முறையில் இத்தலைப்பைத் தேர்ந்துகொண்டேன். ஆட்டம் முடிந்ததும் நடுவர் குழுவினர் கையொப்பமிட்டுத் தரும் தாளில் யார் எத்தனைப் புள்ளிகள் எடுத்தார், யார் எத்தனைத் தவறுகள் செய்தார் என்பவை இருக்கும். அத்தாளை வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்திற்கு யாரைத் தேர்வது என்று முடிவு செய்ய முற்படுங்கால்தான், அதில் எழுதப்படாதவை எத்துணை என்பது புலனாகும்.

தமிழில் 'புள்ளி' என்னும் சொல் ஆட்டத்தில் பெறும் மதிப்பையும் குறிக்கிறது. 'புள்ளியியல்' என்னும் அறிவியலின் பெயரிலும் நிற்கிறது. இவ்விரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தொலைவை அளப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஆட்டமும் அதன் கணக்கும்

1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் கூடைப்பந்து ஆட்டத்தை உருவாக்கினார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மாடத்தில் அறைந்து, பக்கத்திற்கு ஒன்பதின்மராக மாணவர்களை ஆடச் செய்தார். அந்த முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடையில் விழுந்தது. ஒன்றுக்குச் சுழியம் என்பதே ஆட்டத்தின் முழுக் கணக்கு. அன்று புள்ளியியலாருக்கு வேலை இல்லை.

பின்னர் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ. வளர்ந்தபோது கணக்கேடும் வளர்ந்தது. ஆனால் அது ஒரே நாளில் வளரவில்லை. புள்ளிகளும், கூடை விழத் துணைசெய்த கைமாற்றுகளும் தொடக்கத்திலிருந்தே எண்ணப்பட்டன. கூடையில் விழாது திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதை ஆட்டக்காரர்கள் 'ரீபவுண்டு' என்பர். நான் மீள்பந்து என்கிறேன். அது 1950-51 பருவத்தில்தான் ஏட்டில் ஏறியது. எதிரியின் எறிவைத் தடுத்தலும் பந்தைத் தட்டிப் பறித்தலும் 1973-74இல் சேர்ந்தன. பந்தை வீணே இழத்தல் தனிமனிதர் கணக்கில் 1977-78இல் சேர்ந்தது. மூன்று புள்ளி எறிவு 1979-80இல் ஆட்டத்திற்கே புதிதாக வந்தது.

இந்த ஆண்டுகளை வரிசையாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏட்டில் ஒரு பத்தி திறக்கப்படும் முன்பும் அச்செயல் களத்தில் நடந்துகொண்டுதான் இருந்தது. எண்ணப்படாமையால் அது இல்லாததாகிவிடவில்லை. ஆனால் பின்வந்தோர்க்கு அது இல்லாதது போலவே ஆயிற்று.

நூறு புள்ளிகளும் ஒரு விருதும்

1962ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில், ஃபிலடெல்ஃபியா வாரியர்சு அணியின் வில்ட் சேம்பர்லின் நியூயார்க் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளிகள் எடுத்தார். 63 எறிவுகளில் 36 கூடையில் விழுந்தன. தனி எறிவுகள் 32இல் 28 விழுந்தன. அப்பருவம் முழுமைக்கும் அவருடைய சராசரி, ஆட்டத்திற்கு 50.4 புள்ளிகள். இவ்விரண்டு சாதனைகளையும் இன்றுவரை எவரும் எட்டவில்லை. அதே பருவத்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, மீள்பந்து, துணைக்கைமாற்று ஆகிய மூன்றிலும் சராசரியாகப் பத்தைக் கடந்தார்.

அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குக் கிடைத்தது? சேம்பர்லினுக்கு இல்லை, ராபர்ட்சனுக்கும் இல்லை. ஆட்டத்திற்கு 18.9 புள்ளிகள் மட்டுமே எடுத்த, பாஸ்டன் செல்டிக்சு அணியின் பில் ரசலுக்குக் கிடைத்தது. அக்காலத்தில் இவ்விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே என்பது இங்குக் கருதத்தக்கது. களத்தில் நேருக்கு நேர் நின்று மோதியவர்கள், ஏட்டில் மேலோங்கிய எண்களை ஒதுக்கிவிட்டு ரசலைத் தேர்ந்தனர்.

ரசலின் சிறப்பு எதிரியின் எறிவைத் தடுப்பதில் இருந்தது. பந்தை ஆரவாரமாகக் களத்திற்கு வெளியே அடித்து விரட்டாமல், தன் தோழர் கைக்குச் சேருமாறு மெல்லத் தட்டிவிடும் ஆற்றல் அவருடையது. அவர் ஆடிய 13 பருவங்களில் செல்டிக்சு 11 முறை வாகை சூடியது. ஆனால் அவர் தடுத்த எறிவுகள் எத்தனை என்று அதிகாரபூர்வமான ஏடு எதுவும் கூறாது. அவர் 1969இல் ஓய்வுபெற்றார். அப்பத்தி திறக்கப்பட்டதோ 1973இல்.

இதனைக் கொண்டு எண்கள் பொய், மனிதக் கண்ணே மெய் என்று முடிவு கட்டுவது எளிது. அம்முடிவு பிழையானது. அன்றைய ஆட்டக்காரர்கள் உணர்ந்ததை அன்றைய கணக்கால் சொல்ல முடியவில்லை என்பதே சரி. கணக்கு வளர்ந்த பின்னர் அது சொன்ன உண்மைகள் பல, கண்ணுக்குத் தப்பியவை.

எதனால் வகுப்பது?

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் அணி ஆட்டத்திற்குச் சராசரியாக 110 புள்ளிகள் எடுக்கிறது. மற்றோர் அணி 99 எடுக்கிறது. எது தாக்குதலில் வல்லது? முன்னது என்போம். முன்னது விரைந்து ஆடுவதால் ஓர் ஆட்டத்தில் 110 முறை பந்தைக் கொண்டு தாக்கச் செல்கிறது. பின்னது நிதானமாக ஆடி 90 முறையே செல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வாய்ப்புக்கு எத்தனை என்று கணித்தால், முன்னதற்கு 100 புள்ளிகள், பின்னதற்கு 110. தீர்ப்பு தலைகீழாகிறது.

பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியின் கைக்குப் போகும் வரையுள்ள காலத்தை ஒரு வாய்ப்பு என்கிறோம். இவ்வாய்ப்புகளை எவரும் தனியே குறித்து வைக்காத பழைய ஆட்டங்களிலும் அவற்றை மதிப்பிட ஒரு வாய்பாடு உண்டு. கூடையை நோக்கி எறிந்த எறிவுகளோடு இழந்த பந்துகளைக் கூட்டி, தாக்கும் அணியே மீண்டும் கைப்பற்றிய மீள்பந்துகளைக் கழித்து, தனி எறிவுகளின் எண்ணிக்கையில் 0.44 பங்கைச் சேர்க்க வேண்டும். தனி எறிவுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதாலும், சில எறிவுகள் விழுந்த கூடைக்கு மேல் கிடைக்கும் உபரியாக இருப்பதாலும் அவற்றை முழுமையாகச் சேர்ப்பதில்லை.

இப்பார்வை பழைய சாதனைகளையும் வேறு வெளிச்சத்தில் காட்டுகிறது. 1961-62இல் ஓர் அணி ஆட்டத்திற்கு நூறுக்கு மேற்பட்ட எறிவுகளை எறிந்தது. அண்மை ஆண்டுகளில் அது தொண்ணூறை ஒட்டியே உள்ளது. எறிவுகள் மிக, தவறியவையும் மிக, மீள்பந்துகளும் மிகுந்தன. சேம்பர்லினோ சராசரியாக ஆட்டத்திற்கு 48.5 நிமிடம் களத்தில் இருந்தார். ஆட்டமே 48 நிமிடந்தான். எஞ்சிய அரை நிமிடம், கூடுதல் நேரம் ஆடிய ஆட்டங்களால் வந்தது. இவற்றை அறிவதால் அவர் பெருமை குன்றாது. ஆனால் அவரை இன்றைய ஆட்டக்காரரோடு ஒப்பிடுமுன் எதனால் வகுப்பது என்று கேட்கும் கடமை நமக்கு வந்துவிடுகிறது.

எறியும் திறனுக்கும் இதே நியாயம் பொருந்தும். பத்து இரண்டு-புள்ளி எறிவுகளில் ஐந்தைக் கூடையில் இட்டவர் ஐம்பது விழுக்காடு பெறுகிறார். பத்து மூன்று-புள்ளி எறிவுகளில் நான்கை இட்டவர் நாற்பதே பெறுகிறார். ஆனால் முன்னவர் அணிக்குச் சேர்த்தவை 10 புள்ளிகள். பின்னவர் சேர்த்தவை 12. மூன்றில் ஒன்று விழுந்தாலே பாதி விழுந்ததற்குச் சமம் என்னும் இந்த எளிய கணக்கை அணிகள் முழுமையாக உணர நெடுங்காலம் ஆயிற்று. 1979-80இல் ஓர் அணி ஆட்டத்திற்கு ஏறத்தாழ மூன்று எறிவுகளே எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தது; 2023-24இல் ஏறத்தாழ முப்பத்தைந்து. கணக்கு ஆட்டத்தை அளந்ததோடு நில்லாமல் ஆட்டத்தின் உருவத்தையே மாற்றிவிட்டது.

நான்கு கூறுகள்

டீன் ஆலிவர் என்பவர் 2004இல் வெளியிட்ட நூலொன்று இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. ஓர் அணியின் வெற்றி தோல்வியை நான்கு கூறுகளாக அவர் பகுத்தார். நன்றாக எறிதல், பந்தை இழவாமை, மீள்பந்தைக் கைப்பற்றல், தனி எறிவுகளை ஈட்டிப் பயன்கொள்ளல் என்பன அவை. அவற்றுக்கு முறையே 40, 25, 20, 15 விழுக்காடு எடை என்றும் மதிப்பிட்டார். இந்நான்கையும் தாக்குதலில் நாம் செய்ததாகவும், தடுப்பில் எதிரியைச் செய்யவிட்டதாகவும் இருபுறமும் நோக்க வேண்டும்.

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரம் ஒருவருடைய குணத்தையும் ஆராய்ந்து, குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்தது எது என்று கண்டு தெளியச் சொல்கிறது. பணிக்கு ஆளைத் தேர்வோர்க்குச் சொன்ன நெறி அது. புள்ளிகளை மட்டும் எண்ணுவது குணத்தை மட்டும் நாடுவதாகும். முப்பது புள்ளிகள் எடுத்தவர் அதற்கு எத்தனை எறிவுகளைச் செலவிட்டார், எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார், அவர் காத்து நின்ற பக்கத்தில் எதிரி எத்தனைப் புள்ளிகள் எடுத்தார் என்று கேட்பதே குற்றமும் நாடுவது. நல்ல புள்ளியியல் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

ஏட்டில் இடம்பெறாத ஆட்டக்காரர்

ஷேன் பேட்டியர் என்பவரைப் பற்றி மைக்கேல் லூயிஸ் என்னும் எழுத்தாளர் 2009இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. தொழில்முறை வாழ்வு முழுமைக்கும் பேட்டியரின் சராசரி 8.6 புள்ளிகளே. மீள்பந்திலும் துணைக்கைமாற்றிலும் அவர் பெயர் மேலே வாராது. ஆயினும் அவர் களத்தில் இருக்கும் வேளையில் தோழர்கள் மேலும் நன்றாக ஆடினர்; எதிரிகள் மோசமாக ஆடினர்.

இதனைக் கண்டறியப் பயன்படும் அளவை, கூட்டல் கழித்தல் எனப்படும். ஒருவர் களத்தில் இருந்த நிமிடங்களில் தம் அணி எடுத்த புள்ளிகளிலிருந்து எதிரணி எடுத்தவற்றைக் கழிப்பதே அது. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நான்கு வல்லவர்களோடு சேர்ந்து ஆடும் சாதாரண ஆட்டக்காரருக்கும் மிகுந்த மதிப்பு கிடைத்துவிடும். ஆகவே உடன் ஆடியவர் யார், எதிர்த்து ஆடியவர் யார் என்பதையெல்லாம் ஆயிரக்கணக்கான ஆட்டப்பகுதிகளில் ஒருசேரக் கணக்கிட்டு, ஒவ்வொருவர் பங்கையும் பிரித்தறியும் முறைகளை வகுத்தனர்.

பேட்டியர் ஆடிய ஹூஸ்டன் ராக்கெட்சு அணியின் அப்போதைய பொது மேலாளர் டேரல் மோரி இத்தகைய கணக்கில் நம்பிக்கை உடையவர். எதிரணியின் முதன்மை ஆட்டக்காரர் களத்தின் எப்பகுதியிலிருந்து எறிந்தால் மிகுதியாகத் தவறுகிறார் என்ற குறிப்பை ஆட்டத்திற்கு முன்பே பேட்டியரிடம் தருவர். அவர் அந்த எதிரியை அப்பகுதிக்குத் தள்ளிச் சென்று, எறியும் நேரத்தில் கண்ணெதிரே கையை நீட்டி மறைப்பார். பந்தைத் தொட முயலமாட்டார். எறிவு தவறும். ஏட்டில் அது எதிரியின் தவறிய எறிவாகப் பதியும். பேட்டியர் பெயருக்கு எதுவும் பதியாது. பின்னர் மயாமி அணியில் சேர்ந்து 2012, 2013 ஆகிய இரண்டாண்டுகளிலும் அவர் வாகை சூடினார். ரசலுக்கு அன்று தோழர்களும் எதிரிகளும் அளித்த நீதியை, பேட்டியருக்குக் கணக்கே அளித்தது.

கணக்கும் பிழைபடும்

எனினும் கணக்கர்களும் மனிதர்களே. தொடர்ந்து சில எறிவுகளைக் கூடையில் இட்டவருக்கு அடுத்ததும் விழும் என்னும் நம்பிக்கை ஆட்டக்காரர்களிடம் உண்டு. கை சூடேறிவிட்டது என்பர். 1985இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி ஆகிய மூவர் இந்நம்பிக்கையைத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து, அது வெறும் மயக்கம் என்று முடிவு கூறினர். முப்பதாண்டுகளுக்கு மேலாக மனித மனத்தின் மயக்கத்திற்கு எடுத்துக்காட்டாக இம்முடிவு வகுப்பறைகளில் சொல்லப்பட்டது.

2018இல் மில்லர், சஞ்சுர்ஹோ என்னும் இருவர் அவ்வாய்வின் கணக்கிலேயே ஒரு நுண்ணிய பிழையைக் காட்டினர். ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டினால் எட்டு வகையான வரிசைகள் வரலாம். முதல் இரு சுண்டல்களில் ஒருமுறையேனும் தலை விழுந்த வரிசைகள் ஆறு. அவ்வாறில் ஒவ்வொன்றிலும், தலையை அடுத்துத் தலையே விழுந்த பங்கு எவ்வளவு என்று கண்டு சராசரி எடுத்துப் பாருங்கள். பாதி வரும் என்று எதிர்பார்ப்போம். பன்னிரண்டில் ஐந்துதான் வரும். குறுகிய வரிசைகளில் இயல்பாகவே அமையும் இக்குறைவைக் கருதாமல் விட்டதே பழைய ஆய்வின் பிழை. அதைத் திருத்திப் பார்த்தபோது பழைய தரவுகளிலேயே சூடேறிய கைக்குச் சான்று தென்பட்டது. ஆட்டக்காரர்கள் முற்றிலும் மயங்கியிருக்கவில்லை. ஆனால் பிழையைக் கண்டு திருத்தியதும் கணக்கே என்பதை மறந்துவிடலாகாது.

சரியான கணக்கும் ஒரு நாளில் தோற்கலாம். மோரியின் ஹூஸ்டன் அணி 2017-18இல் 65 ஆட்டங்களில் வென்று, மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை வந்தது. 2018 மே 28ஆம் நாள் நிகழ்ந்த அவ்வாட்டத்தில், தொடர்ந்து 27 மூன்று-புள்ளி எறிவுகள் தவறின. ஒவ்வோர் எறிவுக்கும் 36 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றும், ஒன்று மற்றொன்றைச் சாராது என்றும் கொண்டால், குறித்த 27 எறிவுகளும் தவறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 1,70,000இல் ஒன்று. அது நிகழ்ந்துவிட்டது. அணி தோற்றது. களைப்பும், அணியின் முதன்மை ஆட்டக்காரருள் ஒருவரான கிறிஸ் பால் காயமுற்று ஆடாமல் போனதும் அந்த 36 விழுக்காட்டினுள் அடங்காதவை. சராசரி என்பது பல ஆட்டங்களைப் பற்றிப் பேசும். ஓர் இரவைப் பற்றி அது உறுதி தருவதில்லை.

எண்ணப்படாதவர்கள்

இறுதியாக, என் மனத்தை மிகவும் தொட்ட செய்தியைச் சொல்கிறேன். 2024 பிப்ரவரி 15ஆம் நாள், அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க், 3,527 புள்ளிகள் என்னும் எல்லையைக் கடந்து, அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஆட்டத்தில் மிகுதியான புள்ளிகள் எடுத்தவர் என்று அறிவிக்கப்பெற்றார். அவர் திறமையில் ஐயம் இல்லை. ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் உடர்டு 1981இல் தம் கல்லூரி ஆட்டத்தை முடித்தபோது அவர் கணக்கில் 3,649 புள்ளிகள் இருந்தன.

அவர் ஆடிய காலத்தில் கல்லூரி மகளிர் விளையாட்டுகளை நடத்தியது வேறொரு சங்கம். ஆடவர் விளையாட்டுகளை நடத்திவந்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1981-82இல் மகளிர் போட்டிகளைத் தன்பால் எடுத்துக்கொண்டபோது, அதற்கு முற்பட்ட மகளிர் சாதனைகளைத் தன் ஏட்டில் சேர்க்கவில்லை. உடர்டு ஆடிய நாளில் மூன்று-புள்ளிக் கோடு இல்லை. ஆடவர் பயன்படுத்தும் பெரிய பந்தையே மகளிரும் பயன்படுத்தினர். கிளார்க் அந்த 3,649ஐயும் அதே மாதத்தின் இறுதியில் கடந்தார். இரண்டு வாரங்களுக்குள் ஒரே சாதனை இருமுறை முறியடிக்கப்பட்டது என்றால், முதல் முறை முறிந்தது எது என்று நாம் கேட்க வேண்டாமா? சிறிய கல்லூரி ஒன்றில் ஆடிய பேர்ல் மூர் என்பவருக்கோ 4,061 புள்ளிகள். கிளார்க் தம் கல்லூரி ஆட்டத்தை 3,951இல் நிறைவு செய்தார்.

ரசல் தடுத்த பந்துகளை எண்ண எவரும் இல்லை. பேட்டியரின் பணியை எண்ணப் பத்தி இல்லை. உடர்டின் புள்ளிகளோ ஒவ்வொன்றாக எண்ணப்பட்டவை; ஏடு கைமாறியபோது விடுபட்டுப் போனவை. மூன்றும் வெவ்வேறு குறைகள். முதலதைப் புதிய பத்தி திறந்து நீக்கலாம். இரண்டாவதை நுண்ணிய கணக்கால் நீக்கலாம். மூன்றாவதை நீக்க நேர்மை ஒன்றே வேண்டும்.

முடிவாக

அன்பர்களே, எண்ணை வெறுப்பவர்கள் என்று இலக்கியத்தார்க்கு ஒரு பெயர் உண்டு. அப்பெயர் நமக்கு வேண்டா. எண்ணும் எழுத்தும் இரண்டு கண்கள் என்னும் மரபில் வந்தவர்கள் நாம். ஒரு மதிப்பெண் நம்முன் வைக்கப்படும்போது மூன்று கேள்விகளைக் கேட்கக் கூடைப்பந்து கற்றுத்தருகிறது. எதை எண்ணினார்கள்? எதனால் வகுத்தார்கள்? எதை எண்ணாமல் விட்டார்கள்?

ஆசிரியர் பணியையும் மாணவர் அறிவையும் புள்ளிகளால் அளக்கும் காலத்தில் வாழ்கிறோம். கருத்தரங்கில் கட்டுரை படித்தால் இத்தனைப் புள்ளி, நூல் வெளியிட்டால் இத்தனைப் புள்ளி என்று படிவங்கள் வருகின்றன. வகுப்பு முடிந்தபின் பின்தங்கிய மாணவி ஒருத்தியோடு அரைமணி நேரம் அமர்ந்து யாப்பிலக்கணத்தை விளக்கும் ஆசிரியைக்கு அப்படிவத்தில் பத்தி இல்லை. அவர் செய்வது பேட்டியர் செய்த பணி. படிவமே வேண்டா என்று நான் சொல்லமாட்டேன். படிவம் இல்லாத காலத்தில் உறவும் பரிந்துரையும் தீர்ப்பு வழங்கியதை நாம் அறிவோம். அப்படிவத்தைத் திருத்தும் பொறுப்பு, அதனால் அளக்கப்படும் நமக்கும் உண்டு என்பதே என் கருத்து.

இவ்வட்டத்தின் பத்தாண்டு அறிக்கையில் நடந்த கூட்டங்களின் எண்ணிக்கையும் வெளியிட்ட நூல்களின் எண்ணிக்கையும் இடம்பெறும், இடம்பெற வேண்டும். அவற்றோடு, நாற்காலிகளை வரிசைப்படுத்தியவர்கள், மழை நாளிலும் வந்து கேட்டவர்கள், முதற்கவிதையைப் படிக்க அஞ்சிய இளையோர்க்குத் துணைநின்றவர்கள் ஆகியோரின் பெயர்களையும் ஒரு பக்கத்தில் சேர்க்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பின்வருவோர் அந்த ஏட்டைக் கொண்டுதான் நம்மை அறிவார்கள்.